ஆயுத பூஜை முதல் போகி வரை: நுரையீரல் நோயோடு வேலைக்குப் போகிறவர்களுக்கு

ஆஸ்துமாவோ, சி.ஓ.பி.டி. எனப்படும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயோ உள்ளவர்களுக்குப் பண்டிகைக் கால அறிவுரை மனப்பாடம். புகையில் நிற்காதே, இன்ஹேலரை விடாதே, கூட்டத்துக்குள் போகாதே. வீட்டில் இதையெல்லாம் ஓரளவு கடைப்பிடித்துவிடலாம். ஜன்னலைச் சாத்தலாம், பிள்ளைகளைத் தெருக்கோடியில் போய் வெடிக்கச் சொல்லலாம். வேலை பார்க்கும் இடத்தில் அந்தச் சுதந்திரம் கிடையாது. ஹாலுக்குள் சாம்பிராணி போடுவதா, வெளியில் போடுவதா என்பதை வேறு யாரோ முடிவு செய்கிறார்கள். தீபாவளி இரவு யாருக்கு நைட் ஷிஃப்ட் என்பதையும் வேறு யாரோ எழுதுகிறார்கள்.

பெரும்பாலானவர்கள் செய்வது இரண்டில் ஒன்று. வாயை மூடிக்கொண்டு கைக்குட்டையை மூக்கில் வைத்தபடி நின்றுவிட்டு, இரவெல்லாம் வீசிங்கோடு உட்கார்ந்திருப்பார்கள். இல்லையென்றால் எல்லா விழாவுக்கும் லீவு போட்டுவிட்டு, "அவர் எதிலும் கலந்துக்க மாட்டார்" என்ற பேரை வாங்கிக்கொள்வார்கள். இரண்டுமே வேண்டியதில்லை. விழாவிலிருந்து ஒதுங்காமல், புகை வரும் இடத்தையும் நேரத்தையும் மட்டும் ஒதுக்கினால் போதும். அதற்கு மூன்று வாரம் முன்பே அலுவலகத்தில் வாய் திறந்து பேச வேண்டும். இந்தக் கட்டுரை முழுக்க அந்தப் பேச்சைப் பற்றியதுதான்.

முதலில் காலண்டர்

தமிழ்நாட்டில் நுரையீரலுக்கு ஆகாத பருவம் ஆயுத பூஜையோடு தொடங்கி, சுமார் மூன்று வாரத்தில் தீபாவளி, பிறகு கார்த்திகை தீபம், கிறிஸ்துமஸ், புத்தாண்டு என்று போய், ஜனவரி நடுவில் போகியன்று முடிகிறது. இதே மாதங்களில்தான் வடகிழக்குப் பருவமழையும் வருகிறது. ஈரம், சளி, வைரஸ் காய்ச்சல் எல்லாம் சேர்ந்தே வரும். ஏற்கெனவே சளி பிடித்து வீங்கியிருக்கும் மூச்சுக்குழாய்க்குள் பட்டாசுப் புகை போனால் தாங்காது.

அதனால் மருத்துவரைப் பார்க்கும் நாளை ஆயுத பூஜைக்கு முன்பே வைத்துக்கொள்ளுங்கள். ஃப்ளூ தடுப்பூசி போட்டுக்கொண்ட பிறகு பாதுகாப்பு கிடைக்கச் சுமார் இரண்டு வாரம் ஆகும். தீபாவளிக்கு முந்தின வாரம் ஓடினால் பயனில்லை. நிமோனியா தடுப்பூசியைப் பற்றியும் அப்போதே கேட்டுவிடுங்கள். ஸ்டீராய்டு கலந்த தினசரி இன்ஹேலரும் அப்படித்தான். "நல்லாத்தானே இருக்கேன்" என்று இடையில் நிறுத்தியவர்கள் நிறைய. அது அழற்சியைக் குறைக்கும் மருந்து. அதன் முழுப் பலன் தெரிய நாட்கள், சில சமயம் வாரங்கள்கூட ஆகும். பட்டாசுச் சத்தம் கேட்ட பிறகு தொடங்கிப் பிரயோஜனம் இல்லை.

நீல நிற இன்ஹேலரை மட்டும் பையில் வைத்துக்கொண்டு சமாளிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அதில் இருக்கும் சால்புட்டமால் சில நிமிடங்களில் மூச்சுக்குழாயைத் தளர்த்தும். நான்கு முதல் ஆறு மணி நேரம் தாங்கும். உள்ளே இருக்கும் அழற்சியைத் தொடாது. ஆஸ்துமா நோயாளிகளுக்கு இந்த மருந்தை மட்டும் தனியாகக் கொடுக்கக் கூடாது என்று 'ஜினா' என்னும் உலகளாவிய ஆஸ்துமா வழிகாட்டுதல் 2019ஆம் ஆண்டிலிருந்தே சொல்லிவருகிறது. பண்டிகைக் காலத்துக்கு முந்தைய சந்திப்பில் கேட்டே ஆக வேண்டிய கேள்வி இது.

பண்டிகை நாட்களில் மருத்துவர் ஊருக்குப் போயிருப்பார், தெருமுனை மருந்துக்கடையும் சாத்தியிருக்கும். இன்ஹேலரில் எண்ணிக்கை காட்டும் கட்டம் இருந்தால் பாருங்கள். பத்து நாள் முன்பே அடுத்ததை வாங்கி வைத்துவிடுங்கள்.

பேச்சை எப்படித் தொடங்குவது

நுரையீரல் நோய் என்று சொன்னவுடனே எதிரில் இருப்பவர் மனத்தில் எழும் முதல் எண்ணம் காசநோய். நீங்கள் இருமும்போது பக்கத்து சீட்டுக்காரர் லேசாக நாற்காலியை நகர்த்துகிறார் என்றால் காரணம் இதுதான். கோவிட் காலத்துக்குப் பிறகு இந்தப் பயம் இன்னும் கூடியிருக்கிறது. ஆகவே நோயின் பெயரைச் சொல்வதற்கு முன்பே, "இது யாருக்கும் ஒட்டாது" என்பதைச் சொல்லிவிடுங்கள். ஆஸ்துமா, சி.ஓ.பி.டி. இரண்டும் தொற்றுவதில்லை. அந்த ஒரு வரியைச் சொல்லத் தயங்கித்தான் பலர் ஆண்டுக்கணக்கில் இருமலை மறைக்கிறார்கள்.

இரண்டாவது சங்கடம், "சிகரெட் பிடிச்சிருப்பார்" என்ற தீர்ப்பு. புகைப்பழக்கம் சி.ஓ.பி.டி.க்குப் பெரிய காரணம் என்பது உண்மை. ஆனால் சிறுவயதிலிருந்து விறகடுப்புப் புகையில் சமைத்த பெண்களுக்கும், ஆலைத் தூசியில் வேலை பார்த்தவர்களுக்கும், காசநோய் குணமாகித் தழும்பு விட்டுப்போனவர்களுக்கும் மூச்சுக்குழாய் அடைப்பு வருகிறது. நீங்கள் யாருக்கும் இந்தக் கணக்கை ஒப்புவிக்க வேண்டியதில்லை. நோயின் வரலாறு வேண்டாம். உங்களுக்கு என்ன தேவை என்பது மட்டும் போதும்.

சட்டத்தைக் காட்டிப் பேசலாமா என்று கேட்பவர்கள் உண்டு. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. நாள்பட்ட நுரையீரல் நோய் அந்தப் பட்டியலில் இல்லை. எனவே அந்தச் சட்டத்தின் பெயரால் வசதி கேட்பது கடினம். இது மாற வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். இரண்டு மாடி ஏற முடியாத ஒருவருக்கு அது குறைபாடு இல்லை என்று சொல்வதற்கு நியாயமே கிடையாது. அதுவரை நம் கையில் இருப்பது மருத்துவச் சான்றும், தெளிவான வேண்டுகோளும், லீவு விதிகளும்தான்.

"எனக்குப் புகை ஆகாது, பார்த்துச் செய்யுங்க" என்று பொதுவாகச் சொன்னால் மேலதிகாரி தலையாட்டிவிட்டு மறந்துவிடுவார். நாளும் இடமும் குறித்துக் கேளுங்கள். வாயால் சொல்லிவிட்டு, அன்றே சிறு மின்னஞ்சலும் அனுப்பிவிடுங்கள். இப்படி:

"வணக்கம் சார். காலையில் பேசியபடி எழுதுகிறேன். எனக்கு நாள்பட்ட மூச்சுக்குழாய் நோய் இருக்கிறது, சிகிச்சை எடுத்துக்கொண்டிருக்கிறேன். தொற்றுநோய் இல்லை. என் வேலைக்கு இதனால் தடை ஏதும் இல்லை. புகை மட்டும் ஆகாது. ஆயுத பூஜையன்று சூடம், சாம்பிராணியை வரவேற்பறைக்கு வெளியில் வைத்துக்கொள்ள முடியுமா என்று பாருங்கள். தீபாவளிக்கு மறுநாள் வீட்டிலிருந்து வேலை பார்க்க அனுமதி வேண்டும். அதற்கு ஈடாகக் கிறிஸ்துமஸ் வாரத்தில் எந்த ஷிஃப்ட் தந்தாலும் பார்க்கிறேன். மருத்துவர் கடிதத்தை இணைத்திருக்கிறேன்."

இதில் முக்கியமானது கடைசிக்கு முந்தைய வரி. பண்டிகை வாரத்தில் எல்லோருக்கும் லீவு வேண்டும். நீங்கள் ஒரு நாளைக் கேட்கும்போது இன்னொரு நாளைக் கொடுத்தால், டீமில் முணுமுணுப்பு வராது. "உடம்பைக் காட்டி லீவு வாங்கிடுறார்" என்ற பேச்சு ஒருமுறை கிளம்பிவிட்டால் அடக்குவது சிரமம்.

ஹெச்.ஆர். என்று ஒருவர் இல்லாத இடங்களே நம் ஊரில் அதிகம். பட்டறையிலும் கடையிலும் முதலாளியிடம் நேராகப் பேச வேண்டியிருக்கும். அங்கே மின்னஞ்சல் எடுபடாது. வியாபாரம் சூடுபிடிப்பதற்கு முன்னால், கடை திறந்த நேரத்தில், "அண்ணாச்சி, ஒரு விஷயம்" என்று ஆரம்பித்து, மருத்துவர் சீட்டைக் கையில் கொடுத்துவிடுங்கள். சீட்டுக்கு இருக்கும் மரியாதை தனி.

ஆயுத பூஜை: விழாக் குழுவில் சேர்ந்துவிடுங்கள்

தீபாவளிப் புகைக்குப் பயப்படுகிற அளவுக்கு ஆயுத பூஜைக்கு யாரும் பயப்படுவதில்லை. அலுவலகத்துக்குள் நேரடியாக நடக்கும் விழா அதுதான். பூஜைக்கு இரண்டு நாள் முன்பே தொல்லை ஆரம்பித்துவிடும். ஆண்டு முழுதும் அசையாத அலமாரிகள் நகரும், பழைய கோப்புகளைத் தட்டுவார்கள், ஒட்டடைக் குச்சி சீலிங் முழுக்கப் போய்வரும், ஏ.சி. வலையைக் கழற்றி உதறுவார்கள். சில இடங்களில் சுவருக்குப் புது பெயின்டும் உண்டு. பூஜையன்று வரும் சாம்பிராணியைவிட இந்தத் தூசியும் பெயின்ட் நெடியுமே பலருக்கு வீசிங்கைக் கிளப்பிவிடும்.

பிறகு பூஜை. மூடிய ஜன்னல், ஓடும் ஏ.சி. கம்ப்யூட்டர் முன்பெல்லாம் ஒரு பொட்டு, ஒரு பூ. மேனேஜர் மேசையில் பொரி, கடலை, சுண்டல். ஒருவர் ஒரு கட்டு ஊதுபத்தியை மொத்தமாகக் கொளுத்திக்கொண்டு ஒவ்வொரு இருக்கையாகக் காட்டிக்கொண்டு வருவார். தீ எச்சரிக்கை மணி அடித்துவிடக் கூடாது என்று புகை உணரும் கருவியை அந்த ஒரு மணி நேரத்துக்கு நிறுத்திவைக்கும் கட்டடங்களும் உண்டு. அந்தப் புகை பூஜை முடிந்தவுடன் போய்விடாது. ஸ்பிலிட் ஏ.சி. உள்ளே இருக்கும் காற்றையே திரும்பத் திரும்பச் சுற்றவிடும், வெளிக்காற்றை எடுக்காது. மாலை வரை நீங்கள் அதையேதான் சுவாசிப்பீர்கள்.

இதற்கு என் யோசனை, விழா ஏற்பாடு செய்யும் குழுவில் நீங்களே பெயர் கொடுப்பது. வெளியிலிருந்து "புகை வேண்டாம்" என்று சொல்பவரைப் பூஜைக்கு எதிரானவர் என்று எண்ணிவிடுவார்கள். உள்ளே இருந்து, "சூடம் காட்டுறதை வாசல்ல வச்சுக்கலாம், பூசணிக்காயும் அங்கதானே உடைக்கப்போறோம்" என்று சொன்னால், அது ஏற்பாட்டில் ஒரு பகுதியாகிவிடும். உள்ளே நல்லெண்ணெய் விளக்கு ஒன்றோ இரண்டோ போதும். பத்திக்குப் பதில் பூ. ரங்கோலிப் பொடியை அள்ளி வீசுவதற்குப் பதில் ஈர அரிசிமாக் கோலம். தூசு தட்டும் வேலையை முந்தின சனிக்கிழமை ஆளில்லாத நேரத்துக்குத் தள்ளச் சொல்லுங்கள். பெயின்ட் அடிப்பதாக இருந்தால் வேறு அறையில் உட்கார அனுமதி கேளுங்கள்.

எதுவும் நடக்கவில்லை, பத்தி கொளுத்திவிட்டார்கள் என்றால், சத்தமில்லாமல் எழுந்து மொட்டை மாடிக்கோ டீக்கடைக்கோ போய்விடுங்கள். ஜன்னலைத் திறந்துவிடச் சொல்லிவிட்டு, அரை மணி கழித்து வந்து சுண்டல் வாங்கிக்கொள்ளுங்கள். பூஜையில் நின்றீர்களா என்று யாரும் கணக்கெடுக்க மாட்டார்கள்.

பிறந்தநாள், கிறிஸ்துமஸ் கொண்டாட்டங்களிலும் இதே கதைதான். வாசனைத் திரவியம், நுரை தெளிக்கும் டின், மேடையில் விடும் செயற்கைப் புகை. அட்டையில் "இந்தப் பகுதியில் ஸ்பிரே வேண்டாம்" என்று எழுதி ஒட்ட ஒரு நண்பரைப் பிடித்துவைத்துக்கொள்ளுங்கள்.

தீபாவளி: எந்த நாளில் லீவு?

தீபாவளிக்கு முதல் நாள் லீவு போட்டு ஊருக்குக் கிளம்பி, மறுநாள் ஓடிவந்து வேலைக்கு நிற்பதுதான் எல்லோரும் செய்வது. நுரையீரல் நோய் உள்ளவர்கள் இதைத் தலைகீழாகத் திட்டமிட வேண்டும். அவர்களுக்கு லீவு தேவைப்படுவது மறுநாள்.

பட்டாசு மருந்தில் பொட்டாசியம் நைட்ரேட், கந்தகம், கரி இருக்கும். எரியும்போது கந்தக டை ஆக்சைடும் நுண்துகள்களும் வெளிவரும். உச்சநீதிமன்றம் 2018 அக்டோபரில் பட்டாசு வெடிக்க இரண்டு மணி நேரம் மட்டும் அனுமதித்தது. தமிழ்நாட்டுக்கு அந்த இரண்டு மணியைக் காலை 6 முதல் 7 வரை, இரவு 7 முதல் 8 வரை என்று மாநில அரசு பிரித்துக் கொடுத்தது. தெருவில் அது அப்படியே நடப்பதில்லை என்பது நமக்குத் தெரியும். முன்னிரவு முழுக்க வெடிக்கிறார்கள். இரவு காற்று நின்றுவிட்டால் புகை மேலே எழும்பாமல் தரையோடு தங்கிவிடும். மழை வந்து கழுவினால் உண்டு. இல்லையென்றால் மறுநாள் காலை அலுவலகம் கிளம்பும் நேரத்தில்தான் அது உங்கள் முகத்தில் அடிக்கும்.

'பசுமைப் பட்டாசு' என்ற சொல்லை நம்பி அருகில் நிற்காதீர்கள். நீரி ஆய்வகம் வகுத்த முறைப்படி செய்தால் நுண்துகள் ஏறக்குறைய 30 சதவிகிதம் குறையும். மீதி எழுபது உங்கள் மூச்சுக்குழாய்க்குத்தான்.

மறுநாள் வேலைக்குப் போகலாமா என்று முடிவு செய்ய, மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 'சமீர்' செயலி உதவும். காற்றுத் தரக் குறியீடு 200ஐத் தாண்டினால் 'மோசம்' என்ற வகையில் வரும். உங்களுக்கு அது வீட்டிலிருக்க வேண்டிய நாள். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். நுண்துகளுக்கு அந்தக் குறியீடு 24 மணி நேரச் சராசரியில் கணக்கிடப்படுகிறது. முந்தின நாள் பகல் காற்று நன்றாக இருந்தால், காலை ஏழு மணிக்குச் செயலி காட்டும் எண் சாதுவாகத் தெரியலாம். மணிவாரி பி.எம். 2.5 அளவையும் சேர்த்துப் பாருங்கள். ஜன்னலைத் திறந்தவுடன் கந்தக நெடி வந்தால் எந்தச் செயலியும் தேவையில்லை.

மருத்துவமனை, மின்வாரியம், காவல், ஊடகம், ஐ.டி. உதவி மையம் போன்ற துறைகளில் தீபாவளியன்றும் ஆள் வேண்டும். அங்கே இருப்பவர்கள் காலை 10 முதல் மாலை 5 வரையிலான டியூட்டியைக் கேட்டு வாங்குங்கள். காலை ஆறு மணி ஷிஃப்டுக்குப் போகிறவர் வெடிச்சத்தத்துக்கு நடுவில் பைக்கில் போக வேண்டும். இரண்டு மணி ஷிஃப்டில் இருப்பவர் இரவு பத்து மணிக்குப் புகைக்குள் திரும்ப வேண்டும். பகல் டியூட்டி பார்ப்பதில் லாபம்கூட இருக்கிறது: பகலில் வீட்டுத் தெருவில் வெடிக்கும்போது நீங்கள் ஏ.சி. அறையில் இருப்பீர்கள். நைட் ஷிஃப்டைத் தவிர்க்கவே முடியவில்லை என்றால் பைக் வேண்டாம், கம்பெனி வண்டியைக் கேளுங்கள். வண்டியில் கண்ணாடியை ஏற்றி, வெளிக்காற்றை எடுக்காத சுழற்சி முறையில் ஏ.சி. வைக்கச் சொல்லுங்கள்.

முகக்கவசம் என்றால் என்-95 தான். துணிக் கவசம் நுண்துகளை நிறுத்தாது. என்-95ம் கந்தக வாயுவை வடிகட்டாது. அதைப் போட்டுக்கொண்டு மூச்சு விடுவதற்கே கூடுதல் உழைப்பு வேண்டியிருக்கும் என்பதால், சி.ஓ.பி.டி. முற்றியவர்கள் மருத்துவரைக் கேட்டுக்கொண்டு போடவும்.

ஊர்ப் பயணத்துக்கு ஒரே யோசனை: ரயிலில் 60 நாள் முன்பு முன்பதிவு திறக்கும், அன்றே கீழ்ப் படுக்கையாகப் போட்டுவிடுங்கள். தீபாவளிக்கு முந்தின இரவு கிளாம்பாக்கத்தில் மூட்டையோடு பேருந்துக்கு ஓடுவது உங்களுக்கான வேலை கிடையாது.

துணிக்கடையிலும் ஆலையிலும்

மேலே சொன்னதில் பாதி, நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்ப்பவருக்குத்தான் பொருந்தும். தி. நகரிலோ மதுரை விளக்குத்தூணிலோ ஜவுளிக்கடையில் நிற்கும் ஒரு பெண்ணுக்குத் தீபாவளி மாதம் என்பது காலை முதல் இரவு வரை நெரிசல். சேலையை உதறி விரிக்கும்போதெல்லாம் பஞ்சுத் தூசி; மாடிக்கும் கிடங்குக்கும் ஏறி இறங்க வேண்டும்; லிஃப்ட் வாடிக்கையாளருக்கு மட்டும். அவருக்கு வீட்டிலிருந்து வேலை என்ற பேச்சே இல்லை.

அவர் கையில் இருக்கும் ஒரு நல்ல ஆயுதம், தமிழ்நாடு 2021இல் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் கொண்டுவந்த திருத்தம். கடை ஊழியர்கள் எல்லோருக்கும் இருக்கை வசதி தர வேண்டும், வேலை நேரம் முழுக்க நிற்க வைக்கக் கூடாது என்கிறது அது. மூச்சு வாங்கும்போது ஐந்து நிமிடம் உட்கார்வது அவருடைய உரிமை. சலுகை என்று கெஞ்ச வேண்டியதில்லை. அடுத்து, பிரிவு மாற்றம். பில் போடும் கவுன்டர், பொருள் கொடுக்கும் இடம், தரைத்தளம் என்று தூசியும் படியும் குறைந்த இடத்தைப் பண்டிகை மாதத்துக்கு மட்டும் கேட்கலாம். அனுபவமுள்ள ஆளைப் பண்டிகை நேரத்தில் இழக்க எந்த முதலாளியும் விரும்ப மாட்டார் என்பது பேரத்தில் உங்கள் பலம்.

லீவுக் கணக்கும் தெரிந்திருக்க வேண்டும். கடைகள், நிறுவனங்கள் சட்டப்படி ஓராண்டு பணி முடித்தவருக்கு 12 நாள் ஊதியத்துடன் கூடிய விடுப்பு, அதுபோக 12 நாள் தற்செயல் விடுப்பு, 12 நாள் நோய் விடுப்பு உண்டு. நோய் விடுப்பை ஜூன், ஜூலையிலேயே தீர்த்துவிடாமல் அக்டோபருக்குப் பின்னால் சில நாட்கள் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்து இ.எஸ்.ஐ. பிடித்தம் செய்யப்படுகிறவர்கள், சான்றிதழுடன் ஆண்டில் 91 நாள் வரை சராசரி ஊதியத்தில் 70 சதவிகிதம் நோய்க்காலப் பணப்பயன் பெறலாம். பிராங்கியெக்டாசிஸ், நுரையீரல் திசு இறுகும் நோய், இதயச் செயலிழப்போடு கூடிய சி.ஓ.பி.டி. ஆகியவை இன்னும் நீண்ட காலத்துக்கு, 80 சதவிகிதம் வரை பணம் தரும் பட்டியலில் இருக்கின்றன. சம்பளப் பட்டியலில் பிடித்தம் மட்டும் பார்த்துவிட்டு, இப்படியொரு பயன் இருப்பதே தெரியாமல் வேலையை விட்டவர்கள் இருக்கிறார்கள். வேலையை விடுவதற்கு முன் இ.எஸ்.ஐ. மருந்தகத்தில் ஒருமுறை கேளுங்கள்.

சட்டைப் பையும் பக்கத்து சீட்டும்

இன்ஹேலர் லாக்கரில் இருந்தால் இல்லாததற்குச் சமம். சட்டைப் பையில், கைப்பையில், கையெட்டும் இடத்தில் வையுங்கள். வெயிலில் நிற்கும் வண்டி சீட்டுக்கடியில் வேண்டாம். அது அழுத்தம் நிரப்பிய டப்பா. ஸ்பேசரையும் கூடவே வைத்திருங்கள். பதற்றத்தில் நேராக வாயில் அடித்தால் பாதி மருந்து தொண்டையிலேயே தங்கிவிடும். ஒரு தாளில் உங்கள் மருந்துகள், மூச்சு முட்டினால் எத்தனை பஃப், எவ்வளவு இடைவெளியில், யாரைக் கூப்பிட வேண்டும் என்பதை மருத்துவரிடமே தமிழில் எழுதி வாங்கி, ஐ.டி. கார்டுக்குப் பின்னால் செருகிவிடுங்கள்.

பிறகு ஓர் ஆளைப் பழக்குங்கள். பக்கத்து சீட்டுத் தம்பியாக இருக்கலாம், வாசல் செக்யூரிட்டி அண்ணனாக இருக்கலாம். அவரிடம் சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: "எனக்கு மூச்சு முட்டுச்சுன்னா படுக்க வைக்காதீங்க. உட்கார வச்சு முன்னால சாய விடுங்க. சுத்தி நிக்கிறவங்களை விலக்குங்க. இந்தப் பையில மருந்து இருக்கு. மருந்து அடிச்சும் ஒரு முழு வாக்கியம் பேச முடியலைன்னா, உதடு நீலமாச்சுன்னா, என்னைக் கேட்காம 108க்குப் போன் பண்ணிடுங்க." 'என்னைக் கேட்காம' என்பதை அழுத்திச் சொல்லுங்கள். திணறுகிறவர் எப்போதும் "ஒண்ணுமில்லை, சரியாயிடும்" என்றுதான் சொல்வார்.

விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டர் இருந்தால், நன்றாக இருக்கும் ஒரு நாளில் உங்கள் வழக்கமான அளவைக் குறித்து வையுங்கள். அது தெரியாமல் பண்டிகையன்று எண்ணைப் பார்த்து மிரள்வதில் பொருளில்லை. வீட்டில் ஆக்சிஜன் கருவி வைத்திருப்பவர்கள் விளக்கு, மத்தாப்பு, சூடம் எதையும் அந்த அறைக்குள் அனுமதிக்கவே கூடாது. ஆக்சிஜன் இருக்கும் இடத்தில் சிறு பொறியும் சட்டென்று பெருந்தீயாகிவிடும்.

பலகாரமும் விருந்தும்

வேலைக்குப் போகும் பெண்களுக்குப் பண்டிகை என்பது இரண்டாவது ஷிஃப்ட். அலுவலகம் முடிந்து வந்து முறுக்கு பிழிந்து, அதிரசம் சுட்டு, எண்ணெய்ப் புகைக்கு முன்னால் இரவு பதினொரு மணி வரை நிற்கிறார்கள். மறுநாள் காலை பேருந்தில் மூச்சு வாங்குவதற்கு "வயசாயிடுச்சு" என்று காரணம் சொல்லிக்கொள்கிறார்கள். நுரையீரல் நோய் உள்ள பெண் எண்ணெய்ச் சட்டி முன்னால் நிற்கக் கூடாது என்பதைக் குடும்பம் ஒத்துக்கொள்ள வேண்டும். மாவு பிசைவது, உருட்டுவது என்று உட்கார்ந்து செய்யும் வேலையை அவர் எடுத்துக்கொள்ளட்டும். சுடுவதை வீட்டு ஆண்கள் பார்க்கட்டும். மகளிர் சுய உதவிக் குழுவினரிடம் சொல்லி வாங்கினால் அவர்களுக்கும் நாலு காசு. அலுவலகத்துக்கு எடுத்துப்போகும் டப்பாவில் கடைச் சரக்கு இருந்தால் மரியாதை குறைந்துவிடாது.

மேலதிகாரி வீட்டு விருந்துக்குப் போக மறுக்க வேண்டாம். "கட்டாயம் வர்றேன் சார், நாலு மணிக்கு வந்து ஆறுக்குள்ள கிளம்பிடுறேன், ராத்திரிப் புகை எனக்கு ஆகாது" என்று சொன்னால் யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அங்கே வயிறு முட்டச் சாப்பிடாதீர்கள். நிறைந்த வயிறு உதரவிதானத்தை மேலே தள்ளும், சி.ஓ.பி.டி. உள்ளவருக்கு மூச்சு வாங்க அதுவே போதும். கொஞ்சமாகச் சாப்பிட்டு, மிச்சத்தைக் கட்டி வாங்கிக்கொள்ளுங்கள். தீபாவளி லேகியம் வயிற்றுக்குத்தான், மூச்சுக்கு இன்ஹேலர்.

மேனேஜர் நாற்காலியில் இருப்பவரிடம்

உங்கள் டீமில் மூச்சிரைப்போடு ஒருவர் இருந்தால், அவர் கேட்கட்டும் என்று காத்திருக்காதீர்கள். பண்டிகை ஷிஃப்ட் பட்டியல் போடும்போது எல்லோருக்கும் பொதுவாக ஒரு வரி அனுப்புங்கள்: உடல்நலக் காரணத்தால் நேர மாற்றம் தேவைப்படுவோர் இந்தத் தேதிக்குள் தனியாகச் சொல்லவும். அவ்வளவுதான். யாரும் எழுந்து நின்று நோயைச் சொல்ல வேண்டியிராது. மத்திய ஏ.சி. உள்ள கட்டடமாக இருந்தால், பட்டாசு நேரத்திலும் மறுநாள் காலையிலும் வெளிக்காற்று உள்ளே வரும் வழியைக் குறைத்து வைக்கப் பராமரிப்பு ஆட்களிடம் சொல்லுங்கள். ஃபில்டரை ஆயுத பூஜைக்கு முன்பே மாற்றச் சொல்லுங்கள்.

தீபாவளி முடிந்ததும்

வேலைக்குத் திரும்பிய முதல் வாரத்தில் சளியின் நிறம் மாறினால், வழக்கத்தைவிட அடிக்கடி நீல இன்ஹேலர் தேவைப்பட்டால், இரவில் மூச்சு முட்டி எழுந்தால், "பண்டிகைச் சளி" என்று தள்ளிப்போடாமல் மருத்துவரைப் பாருங்கள். நோய் முற்றிச் சேர்க்கையாகும் வரை விட்டால் பத்து நாள் லீவு போகும். அன்றே போனால் ஒரு நாளோடு முடியலாம்.

அடுத்து போகி. சென்னையில் விடியுமுன் பழைய பாய், துணி, சில தெருக்களில் டயர், பிளாஸ்டிக் எல்லாம் எரியும். ஜனவரிப் பனியோடு அது கலந்து நிற்கும். 2018 போகியன்று சென்னை விமான நிலையத்தில் விமானங்கள் தாமதமாகி, சில வேறு ஊர்களுக்குத் திருப்பிவிடப்பட்டன. போகி பல அலுவலகங்களில் வேலை நாள். அன்று காலை பத்தரைக்கு மேல் வருவதாகவோ வீட்டிலிருந்து வேலை பார்ப்பதாகவோ அனுமதி கேட்கும் மின்னஞ்சலை, தீபாவளிக்கு அனுப்பிய அதே மின்னஞ்சலுக்குக் கீழே, டிசம்பர் முடிவதற்குள் எழுதி அனுப்பிவிடுங்கள்.